ஊட்டி வீட்டில் ஹியூமிடிஃபையர்: சில குளிர்காலங்கள் ஓட்டிப் பார்த்த பிறகு

"ஊட்டிக்கு எதுக்குங்க இது?" என்றுதான், காற்றில் ஈரம் கூட்டும் இந்த இயந்திரத்தை வாங்கப் போனபோது கோவையில் கடைக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. மழைக்காலத்தில் பீரோவுக்குள் இருக்கும் துணியே பூஞ்சணம் பூக்கும் ஊர் இது. ஆனால் டிசம்பரில் மழை ஓய்ந்து, நீர்ப்பனி போய் உறைபனி விழத் தொடங்கியதும் நிலைமை தலைகீழ். உதடு வெடிக்கும், விடியும்போது தொண்டை காய்ந்து கிடக்கும், இருட்டில் கம்பளியை உதறினால் பொறி பறக்கும். பையனுக்கு அடிக்கடி மூக்கில் ரத்தம் வந்ததால்தான் வாங்கினோம்.

ஹீட்டர் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துவிடும் என்பார்கள். அப்படி இல்லை. குளிர்ந்த காற்றில் அதிக நீராவி நிற்காது: 0 டிகிரியில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 5 கிராம், 20 டிகிரியில் சுமார் 17 கிராம். உறைபனி இரவில் வெளியே முழு ஈரத்தோடு இருக்கிற காற்றே உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். ஈரம் அதேதான், கொள்ளளவுதான் கூடிவிட்டது.

எங்களுடையது அல்ட்ராசானிக் வகை, அதாவது தண்ணீரை அதிர்வால் நுண்துளிகளாக்கித் தூவுவது. படுக்கையறையில் 40 முதல் 50 சதவீதம் வரை வைத்துக்கொள்கிறோம். மூக்கில் ரத்தம் வருவது அந்தக் குளிர்காலத்திலேயே நின்றது. நடுராத்திரி எழுந்து தண்ணீர் குடிப்பதும் குறைந்தது. பழைய மரத்தரையில் பலகைகளுக்கு இடையே விழும் விரிசல்கூட முன்போல் அகலமாக இல்லை. சளி பிடிப்பது மட்டும் எப்போதும்போலத்தான். அதற்கு இது மருந்தில்லை.

ஹீட்டர் இல்லாமல் இதை மட்டும் ஓட்டாதீர்கள். தெறிக்கிற நுண்துளிகள் ஆவியாவதற்கு அறையின் சூட்டைத்தான் எடுத்துக்கொள்ளும், குளிர் கூடும். அப்புறம், ஈரப்பதத்தைக் காட்டும் ஹைக்ரோமீட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். விலை சில நூறு ரூபாய்தான். அது இல்லாமல் ராத்திரி முழுக்க ஓடவிட்டால் ஜன்னல் கண்ணாடியில் நீர் வழியும், வெயில் படாத சுவரில் கறுப்புப் பூஞ்சணம் ஏறும். 60 சதவீதத்தைத் தாண்டவே விடக்கூடாது.

சுத்தம் செய்வதுதான் பெரிய வேலை. தொட்டித் தண்ணீரைத் தினமும் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். தேங்கிய நீரில் வளரும் கிருமியை இந்த இயந்திரம் அப்படியே காற்றில் தூவிவிடும். வாரம் ஒருமுறை வினிகர் ஊற்றிக் கழுவுகிறேன். போர்வெல் தண்ணீர் என்றால் மேஜையெல்லாம் வெள்ளைத் தூள் படியும். உப்பு குறைந்த தண்ணீர் நல்லது.

நம்ம ஊர் ஆளுக்கு வரும் முதல் யோசனை, நாலு சொட்டு நீலகிரித் தைலம் விட்டால் என்ன என்பது. வேண்டாம். எண்ணெய்க்கென்று தனித் தட்டு இல்லாத மாடல்களில் பிளாஸ்டிக் தொட்டி கெட்டுவிடும். கைக்குழந்தை இருக்கும் அறையில் அந்த நெடியே ஆகாது.

மின்சாரச் செலவு ஹீட்டரோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. கரிக் கணப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளும் வீடுகளுக்கு முதல் கவலை ஈரப்பதமே அல்ல. கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

கோடை மழை பிடித்ததும் இயந்திரத்தைக் கழுவிக் காயவைத்துப் பரணில் ஏற்றிவிடுவேன். ஹீட்டரே போடாத வீட்டுக்கு இது அவசியமில்லை. படுக்கையறையில் ஈரத்துண்டு இரண்டைக் காயப்போட்டுப் பாருங்கள், அதுவே போதுமானதாக இருக்கலாம்.