சுவர் இ-இங்க் திரை: பழைய கிண்டிலா, ஈஎஸ்பி32-ஆ, ராஸ்பெரி பையா?

தண்ணி வரும் நாள், கரண்ட் நிறுத்தும் தேதி, காட்பாடி ரயில் நேரம், கேஸ் புக் பண்ணிய தேதி. இதையெல்லாம் கூடத்துச் சுவரில் இ-இங்க் திரையில் (காகிதம் போலத் தெரியும், படம் மாறும்போது மட்டும் மின்சாரம் எடுக்கும் திரை) காட்ட மூன்று வழி உண்டு: பழைய கிண்டில் (அமேசானின் மின்நூல் கருவி), ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சிறு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு), ராஸ்பெரி பை (கையளவுக் கணினி). விலையைவிட வேலூர் வெயிலும் மின்வெட்டும் தமிழ் எழுத்தும்தான் எது தேறும் என்று முடிவு செய்கின்றன.

சும்மா கிடக்கும் கிண்டில் இருந்தால் செலவே இல்லை. பேப்பர்ஒயிட் 3-இல் அங்குலத்துக்கு 300 புள்ளி. எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். ஆனால் ஜெயில்பிரேக் (கம்பெனி போட்ட பூட்டை உடைத்து நம் நிரலை ஓட்டுவது) செய்ய வேண்டும், அது ஃபர்ம்வேர் (கருவிக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) பதிப்பைப் பொறுத்தது. எனவே முதல் வேலையாக ஏரோபிளேன் மோடில் போட்டு அப்டேட் இறங்காமல் தடுங்கள். அனுப்பும் பிஎன்ஜி படம் 8 பிட் கிரேஸ்கேலில் (சாம்பல் நிற அளவுகளில்), திரையின் அதே அளவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோடு கோடாகச் சிதறும். வருஷம் முழுக்க சார்ஜரில் மாட்டி, மேற்கு வெயில் படும் சுவரில் தொங்கவிட்டால் பேட்டரி உப்பித் திரையைத் தள்ளிவிடலாம்.

ராஸ்பெரி பை ஜீரோ 2 சுவருக்கு லாயக்கில்லை. மின்சாரம் ஏறக்குறைய எடுக்காத ஆழ்ந்த உறக்கம் அதற்குக் கிடையாது, எப்போதும் சார்ஜர் வயர் தொங்கும். திடீர் மின்வெட்டில் எஸ்டி கார்டு கெடலாம்.

நம் ஓட்டு ஈஎஸ்பி32-க்கு. அதோடு இணைக்க வேவ்ஷேர் கம்பெனியின் 7.5 அங்குல வி2 இ-இங்க் பேனல், 800×480 புள்ளி. வெளியளவு 170.2×111.2 மி.மீ., அதனால் 5×7 அங்குல போட்டோ ஃப்ரேமுக்குள் உட்காரும். மவுண்ட் அட்டையில் 163×98 மி.மீ. வெட்டுங்கள். பட்டை கேபிளை மடித்து அழுத்தாதீர்கள். அது கண்ணாடியோடு ஒட்டும் இடத்தில் கிழிந்தால் பேனல் குப்பைக்குத்தான். சிவப்பு சேர்ந்த பேனல் கண்ணுக்கு அழகு, ஆனால் 40 டிகிரி வரைதான் தாங்கும். கறுப்பு வெள்ளை 50 வரை. நம்ம ஊர் மே மாதத்துக்கு எது என்று சொல்லவே வேண்டாம்.

தமிழை போர்டிலேயே எழுத முயலாதீர்கள். வழக்கமான எழுத்துரு நூலகங்களில் ‘கெ’யின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழும். ரூட்டர் பக்கத்தில் ஒரு ராஸ்பெரி பையை வைத்து, பைத்தானின் பட நூலகமான பில்லோவோடு எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ராக்ம் நூலகத்தைச் சேர்த்து, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் படம் வரையுங்கள். ஒரு பிட் படம் 48,000 பைட்தான். ஈஎஸ்பி32 அதை வாங்கிக் காட்டிவிட்டுத் தூங்கட்டும். ராஸ்பெரி பை செய்ய வேண்டிய வேலை இதுதான்.

அரை மணிக்கொரு முறை 15 விநாடி விழித்து, சராசரி 100 மில்லிஆம்பியர் இழுத்தால் நாளைக்கு 20 மில்லிஆம்பியர்-மணி. 2500 மில்லிஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள 18650 லித்தியம் செல் நான்கு மாதம் வரும். பவர் எல்இடி எரியும் மலிவு போர்டு தூக்கத்திலேயே 10 மில்லிஆம்பியர் குடித்தால் அதே செல் பத்து நாள்கூட வராது. வாங்கும் முன் தூக்க மின்னோட்டத்தைப் பாருங்கள். வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில் இருக்கட்டும், 5-ஐ ஈஎஸ்பி32 பார்க்காது. கரண்ட் வந்ததும் ரூட்டர் எழ இரண்டு மூன்று நிமிடம் ஆகும்; அந்நேரம் இணைப்பு கிடைக்காவிட்டால் விடாமல் முட்டிக்கொண்டிருக்காமல், பழைய படத்தை அப்படியே விட்டு ஐந்து நிமிடம் தூங்கும்படி நிரலில் எழுதுங்கள்.