கேரர்ஸ் அலவன்ஸ்: சம்பள வரம்பைத் தாண்டினால் ஒரு பென்ஸும் கிடையாது

அம்மாவைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, சமைத்து, ஜிபியிடம் (குடும்ப டொக்டரிடம்) கூட்டிப்போய் மொழிபெயர்த்துவிட்டு வரும் பிள்ளைக்குப் பிரித்தானிய அரசு கேரர்ஸ் அலவன்ஸ் என்ற உதவித்தொகையாகக் கிழமைக்கு 83.30 பவுண் தருகிறது (2025–26; கீழே வரும் தொகைகளும் அந்த ஆண்டுக்கானவை). கிழமைக்கு 35 மணித்தியாலமாவது பராமரிக்க வேண்டும் என்பது விதி. அந்த 35ஐ வைத்தே பிரித்தால் மணிக்கு 2.38 பவுண். தொகை போதவே போதாது. ஆனாலும் தகுதியுள்ளவர்கள் விடக்கூடாது. பணத்தோடு, அரச பென்ஷனுக்குக் கணக்கில் சேரும் நேஷனல் இன்ஷூரன்ஸ் (என்ஐ) கிரெடிட்டும் சேர்வதால், வேலையை விட்டவரின் பென்ஷன் வருடங்கள் அறுந்துபோகாது.

விண்ணப்பிப்பது சுலபம். இணையத்தில் உங்களதும் நீங்கள் பார்க்கும் ஆளினதும் என்ஐ இலக்கங்கள், உங்கள் வங்கி விபரம், வேலை செய்தால் பேஸ்லிப், இவ்வளவும் போதும். முக்கிய நிபந்தனை, நீங்கள் பார்க்கும் ஆளுக்கு அட்டெண்டன்ஸ் அலவன்ஸோ (பென்ஷன் வயதினருக்கான இயலாமை உதவி), பிப் என்ற, அதற்குக் குறைந்த வயதினருக்கான இயலாமை உதவியின் டெய்லி லிவிங் (அன்றாட வாழ்வு) பகுதியோ, இவைபோன்ற வேறோர் இயலாமை உதவியோ கிடைத்திருக்க வேண்டும். அந்த முடிவு வந்த 3 மாதத்துக்குள் விண்ணப்பித்தால், அவருடைய உதவி தொடங்கிய திகதியிலிருந்தே உங்களுக்கும் கணக்கிடுவார்கள். தாமதித்தால் பின்னோக்கி 3 மாதம் மட்டுமே. விசாவில் ‘பப்ளிக் ஃபண்ட்ஸ் இல்லை’ (அரச உதவிகள் எடுக்க முடியாது) என்று இருந்தால் கை வைக்காதீர்கள். இது அந்தப் பட்டியலில் உள்ள உதவி. ஸ்கொட்லாந்தில் இதற்குப் பதிலாக கேரர் சப்போர்ட் பேமெண்ட் இருக்கிறது.

இந்தத் திட்டத்தின் பெரிய கோளாறு சம்பள வரம்புதான். 2025–26இல் கிழமைக்கு 196 பவுண் வரை உழைக்கலாம். அதற்கு மேல் ஒரு பென்ஸ் வந்தாலும் அந்தக் கிழமையின் 83.30ம் முழுதாகப் போய்விடும். படிப்படியாகக் குறைக்கும் முறை இல்லை. ஒரு வருடம் கவனிக்காமல் விட்டால் 4,331.60 பவுண் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வரும்.

ஆனால் அந்த 196 கழிவுகளுக்குப் பிறகான தொகை. வரி, என்ஐ, பென்ஷனுக்குக் கட்டுவதில் பாதி ஆகியவை கழியும். சம்பளம் 200, பென்ஷனுக்கு 10 என்றால் 5 கழிந்து 195, தப்பினீர்கள். வேலை நேரத்தில் அம்மாவைப் பார்க்க நெருங்கிய உறவல்லாத ஒருவருக்குக் காசு கொடுத்தால் அதையும் கழிக்கலாம், உச்சம் சம்பளத்தின் பாதி. இதைத் தெரியாமலே வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்பவர்கள் உண்டு. ஓவர்டைம், போனஸ் வரும் கிழமைகளில்தான் பலர் மாட்டுகிறார்கள். ஏறி இறங்கும் சம்பளத்தை எப்படிச் சராசரி பார்ப்பது என்ற வழிகாட்டல் தெளிவில்லாமல் இருந்ததை, கேரர்ஸ் அலவன்ஸ் கூடுதலாகக் கொடுக்கப்பட்டதை ஆராய்ந்த சுயாதீன ஆய்வாளர் லிஸ் செய்ஸின் 2025 நவம்பர் அறிக்கை சுட்டிக்காட்டியது. பாதிக்கப்பட்டவர்களின் கணக்கை மீண்டும் பார்க்க அரசும் ஒத்துக்கொண்டது. பராமரிப்பவர்களைக் குற்றவாளிபோல நடத்தியதற்கு இது மிகவும் பிந்திய பரிகாரம்.

அடுத்தது, எங்கள் குடும்பங்களில் யாரும் யோசிக்காத இடம். தனியாக வசிக்கும் அம்மா பென்ஷன் கிரெடிட்டில் (குறைந்த வருமானமுள்ள முதியோருக்கான அரச உதவி) கடும் இயலாமைக்கான மேலதிகத் தொகையாகக் கிழமைக்கு 82.90 பவுண் வாங்கக்கூடும். நீங்கள் கேரர்ஸ் அலவன்ஸ் எடுத்ததும் அவருக்கு அது நிற்கும். வீட்டுக்கு மொத்த லாபம் 40 பென்ஸ்! உங்கள் பணத்துக்கு வரியும் உண்டு. முதலில் அம்மாவின் பென்ஷன் கிரெடிட் கடிதத்தை எடுத்துப் பாருங்கள்.

யூனிவர்சல் கிரெடிட் (குறைந்த வருமானமுள்ள உழைக்கும் வயதினருக்கான அரச உதவி) எடுப்பவர்களுக்கு இந்த 83.30 அப்படியே அதில் கழிக்கப்படும். அவர்களுக்கு உண்மையான பலன், யூனிவர்சல் கிரெடிட்டில் பராமரிப்பவருக்குச் சேர்க்கும் கேரர் எலிமெண்ட்: மாதம் 201.68 பவுண். கேரர்ஸ் அலவன்ஸுக்கு விண்ணப்பிக்காமலே அதைக் கேட்கலாம், 196 வரம்பும் அதற்கு இல்லை. அரச பென்ஷன் எடுக்கும் கணவனோ மனைவியோ பராமரித்தால், பென்ஷன் 83.30க்கு மேல் என்பதால் காசு வராது. அப்படியிருந்தும் விண்ணப்பிக்கத்தான் வேண்டும். ‘தகுதி உண்டு’ என்ற கடிதம் கையில் இருந்தால் பென்ஷன் கிரெடிட் கணக்கில் 46.40 கூடும், இதனாலேயே முதன்முறையாக அதற்குத் தகுதி பெறுபவர்களும் இருக்கிறார்கள்.

அண்ணனும் தங்கையும் மாறிமாறிப் பார்த்தாலும் ஒருவருக்குத்தான் கொடுப்பார்கள். அப்பா, அம்மா இருவரையும் ஒருவரே பார்த்தாலும் ஒரே தொகைதான். இது அநியாயம்.

சம்பளம் மாறிய அன்றே இணையத்தில் அறிவித்து, உறுதிப்படுத்தும் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தால் உடனே கட்டிவிடாதீர்கள். எந்தக் கிழமைகள், எந்தக் கணக்கு என்று எழுத்தில் கேளுங்கள். கடிதத் திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கோருங்கள்; பென்ஷன் கழிவைச் சேர்த்தார்களா என்று முதலில் பாருங்கள்.