நாய்க்கு லீஷ்மேனியா: எதிர்ப்பொருள் சோதனையா, பிசிஆரா?

மத்தியதரைக் கடல் நாடுகளிலும் பிரேசிலிலும் மணல் ஈ கடித்து நாய்களுக்குப் பரவும் உள்ளுறுப்பு லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணி நோயைக் கண்டறிய இரண்டு முக்கிய வழிகள் உண்டு. ஒன்று, கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளை ரத்தத்தில் தேடுவது. மற்றது, டிஎன்ஏவைப் பலமடங்கு பெருக்கிக் காட்டும் பிசிஆர் சோதனை மூலம் ஒட்டுண்ணியின் டிஎன்ஏவையே தேடுவது.

டிஎன்ஏவே கிடைத்துவிட்டால் சந்தேகம் ஏது என்று தோன்றும். அவ்வளவு எளிதல்ல. மாதிரியை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் பிசிஆரின் பாதி வெற்றி இருக்கிறது. எலும்பு மஜ்ஜையோ நிணநீர்க்கணுவோ என்றால் நன்றாகப் பிடிக்கும். வெறும் ரத்தம் என்றால் ஒட்டுண்ணி இருந்தும் ‘இல்லை’ என்று வரலாம். மஜ்ஜை எடுப்பது நாய்க்குப் பெரும்பாடு. இமையின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து எடுப்பது நல்ல மாற்று. அப்புறம், ‘உண்டு’ என்று வந்தாலும் தொற்று இருக்கிறது என்றுதான் பொருள், நோய் என்றல்ல. தொற்றோடு நலமாகத் திரியும் நாய்கள் ஏராளம்.

எதிர்ப்பொருள் அளவு கைகொடுப்பது இங்கேதான். மெலிவு, தோல் உதிர்தல், அளவுக்கு மீறி வளரும் நகம் இவற்றோடு அந்த அளவும் மிக உயர்ந்திருந்தால் நோய் ஏறக்குறைய உறுதி. ஆனால் தொற்றிய தொடக்கத்தில் எதிர்ப்பொருள் தெரியாது. சில தடுப்பூசிகளும் கணக்கைக் குழப்பும். பிரேசிலில் சாகாஸ் என்ற வேறொரு ஒட்டுண்ணி நோயின் கிருமியாலும் பொய்யான ‘உண்டு’ வரலாம். தொற்றுள்ள நாயைக் கொல்வது அங்கே அரசின் கட்டுப்பாட்டு முறைகளில் ஒன்றாக இருந்ததால் இது சின்ன விஷயமல்ல. 2011 முதல் அங்கே முதலில் விரைவுச் சோதனை, அதை உறுதிசெய்ய எலைசா என்ற ஆய்வக எதிர்ப்பொருள் சோதனை.

என் தேர்வு: அறிகுறி உள்ள நாய்க்கு முதலில் எதிர்ப்பொருள் அளவு, விடை இரண்டுங்கெட்டானாக வந்தால் பிசிஆர். ரத்ததானம் செய்யும் நாய்க்கு மட்டும் இரண்டும் வேண்டும்.