நாய் உண்ணிக்கு எது சரி: மாத்திரையா, சொட்டு மருந்தா, கழுத்துப்பட்டையா, குளியலா?

புதுச்சேரியிலும் கடலூரிலும் உண்ணிக்கு ஓய்வுக் காலம் கிடையாது. கடலோர ஈரக்காற்றும் வெப்பமும் சேர்ந்து ஆண்டு முழுக்க அதை வாழவைக்கின்றன. நம் வீடுகளில் பெரும்பாலும் காண்பது பழுப்பு நாய் உண்ணி. அதற்குத் தோப்போ புதரோ தேவையில்லை, வீடே போதும். ரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி நாயைவிட்டு உதிர்ந்து, சுவர் விரிசலிலோ கதவு நிலையின் இடுக்கிலோ ஏறி, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் சாகும். சுண்ணாம்புச் சுவர் கொண்ட பழைய புதுவை வீடுகளில் அதற்கு ஒளிவிடத்துக்குப் பஞ்சமே இல்லை.

கடையில் நிற்கும்போது எல்லோரும் நாயின் எடையைச் சொல்கிறார்கள். அதற்கு முன்னால் பதில் வேண்டிய கேள்விகள் இரண்டு: நாயை எவ்வளவு அடிக்கடி குளிப்பாட்டுகிறீர்கள்? அதே வீட்டில் பூனை இருக்கிறதா?

சொட்டு மருந்தும் மாத்திரையும்

பிப்ரோனில் சொட்டு மருந்து தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளில் தங்கி, அங்கிருந்து மெல்லப் பரவி வேலை செய்கிறது. 10 கிலோ வரையுள்ள நாய்க்கு 0.67 மி.லி., 10 முதல் 20 கிலோவுக்கு 1.34 மி.லி., 20 முதல் 40 கிலோவுக்கு 2.68 மி.லி. தோள்பட்டைகளுக்கு நடுவே, நாய் நக்க எட்டாத இடத்தில் முடியை விலக்கி, தோல் தெரிந்த பிறகே பிழிய வேண்டும். முடிமேல் ஊற்றியது வீண். போடுவதற்கு 2 நாள் முன்னும் 2 நாள் பின்னும் குளியல் கூடாது. முன்னால் ஏன் கூடாது என்றால், ஷாம்பு தோலின் எண்ணெயைக் கழுவிவிடும், மருந்து பரவ வழியிருக்காது.

இந்த மருந்து நம் ஊரில் தோற்பது இங்கேதான். வியர்வை, நாற்றம் என்று வாராவாரம் ஷாம்பு போடும் வீடுகள் அதிகம். தேவனாம்பட்டினம் கடற்கரையில் அலையில் இறங்கி விளையாடும் நாய்களும் உண்டு. அந்த நாய்களுக்கு ஒரு மாதப் பாதுகாப்பு சில வாரங்களிலேயே தேய்ந்துபோகும். ‘மருந்து போலி’ என்று கடைக்காரரிடம் சண்டை போடுவதற்கு முன் குளியல் கணக்கைப் பாருங்கள்.

மாத்திரைக்குக் குளியல் ஒரு பொருட்டே இல்லை, ஏனெனில் மருந்து ரத்தத்தில் இருக்கிறது. அஃபாக்சோலானர் மாதம் ஒரு முறை, ஃப்ளூரலானர் 12 வாரத்துக்கு ஒரு முறை. ஃப்ளூரலானரைச் சாப்பாட்டோடுதான் தர வேண்டும், வெறும் வயிற்றில் சரியாக உறிஞ்சப்படாது. 10 முதல் 20 கிலோ நாய்க்கு 500 மி.கி., 20 முதல் 40 கிலோவுக்கு 1000 மி.கி. பணத்தை மிச்சம்பிடிக்கப் பெரிய மாத்திரையை உடைத்து இரண்டு நாய்களுக்குப் பங்கு போடுவது பரவலாக நடக்கிறது. இரு பாதியிலும் மருந்து சமமாக இருக்கும் என்று உறுதியில்லை, செய்யாதீர்கள். 8 வாரம் நிரம்பாத, 2 கிலோ எட்டாத குட்டிக்கு இது வேண்டாம். வலிப்பு வந்த நாய் என்றால் மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். இந்த மருந்துக் குடும்பம் சில நாய்களுக்கு நடுக்கமும் வலிப்பும் தரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் எச்சரித்திருக்கிறது.

மாத்திரையின் குறை வேறு இடத்தில் இருக்கிறது: உண்ணி கடித்தால்தான் சாகும். உண்ணிக் காய்ச்சலைத் தரும் எர்லிகியா கிருமியோ கடித்த சில மணி நேரத்திலேயே உடலுக்குள் போய்விடக்கூடும். இருந்தும், அடிக்கடி குளிக்கும் வளர்ப்பு நாய்க்கு எங்கள் முதல் தேர்வு மாத்திரைதான். தெரு நாய்களுக்குச் சோறு வைப்பவர்களுக்கும் இதுவே நடைமுறையில் ஒத்துவரும், ஏனெனில் பிடிக்கவோ கட்டவோ வேண்டியதில்லை.

கழுத்துப்பட்டை

டெல்டாமெத்ரின் பட்டை உண்ணியை விரட்டவும் செய்யும் என்பது மாத்திரையிடம் இல்லாத பலம். ஏற்கெனவே உண்ணிக் காய்ச்சல் வந்த நாய்க்கு, பூனை இல்லாத வீட்டில், மருத்துவரைக் கேட்டு மாத்திரையோடு பட்டையும் சேர்க்கலாம். முழு வேகம் வர ஒரு வாரம் ஆகும். கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடம் விட்டு, மீதியை வெட்டிவிடுங்கள். தொளதொளவென்று கட்டினால் மருந்து தோலில் படாது. குழந்தைகள் நாயைக் கட்டிக்கொண்டு தூங்கும் வீட்டுக்குப் பட்டை ஏற்றதல்ல.

அமிட்ராஸ் குளியல்

விலையில் இதுதான் மலிவு, ஆபத்தில் முன்னணி. 12.5% கரைசல் என்றால் உண்ணிக்கு வழக்கமான அளவு 1 லிட்டர் தண்ணீருக்கு 2 மி.லி. வாங்கிய புட்டியின் செறிவை லேபிளில் பார்த்த பிறகே கலக்குங்கள். கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் ஊற்றி, அலசாமல் நிழலில் காயவிட வேண்டும். காயும்வரை நக்கவிடக்கூடாது. கலந்ததை அன்றே தீர்க்க வேண்டும், மறுநாளுக்கு வைக்கக்கூடாது. தள்ளாட்டம், அசாதாரணத் தூக்கம், மெதுவான நாடித் துடிப்பு தெரிந்தால் உடனே கழுவிவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். குட்டிகள், சினை நாய், சர்க்கரை நோயுள்ள நாய், சிவாவா வகை ஆகியவற்றுக்குக் கூடவே கூடாது.

‘உண்ணி ஊசி’ என்று பலர் கேட்டு வாங்கும் ஐவர்மெக்டின், வழக்கமான அளவில் உண்ணியை நம்பகமாகக் கொல்லாது. கோலி இன நாய்களுக்கு அது மூளையைத் தாக்கி உயிரையே பறிக்கலாம். கெரசின் தடவுவது தோலைப் பொசுக்கும்.

பூனை இருந்தால்

பட்டையில் உள்ள டெல்டாமெத்ரினின் அதே குடும்பத்தைச் சேர்ந்த, நாய்க்கான பெர்மெத்ரின் சொட்டு மருந்து ஒரு துளி பட்டாலும் பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம். அதை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. அமிட்ராஸும் பூனைக்கு ஆகாது. பூனைக்கென்றே விற்கும் 0.5 மி.லி. பிப்ரோனில் தனியாக வாங்குங்கள். நாயின் மிச்சத்தைப் பூனைக்குப் போடும் பழக்கம்தான் பெரும்பாலான விபத்துக்குக் காரணம்.

வீட்டுச் சுவர்

எதைத் தேர்ந்தெடுத்தாலும், நாய் படுக்கும் இடத்தை விட்டுவிட்டால் ஒரு மாதத்தில் பழைய நிலைதான். விரிசல்களைப் பூசி அடையுங்கள். படுக்கைத் துணியைக் கொதிநீரில் போடுங்கள். நிலை இடுக்கு, கட்டில் அடி, காம்பவுண்டுச் சுவரின் உள்பக்கம் ஆகிய இடங்களில் டெல்டாமெத்ரின் கரைசலை லேபிள் அளவில் தெளித்து, சில வாரங்களில் மறுபடி தெளியுங்கள். முதல் தெளிப்புக்குப் பிறகு பொரியும் குஞ்சுகளுக்கு இரண்டாவது தெளிப்பு. தரை காயும்வரை நாய், பூனை, குழந்தை யாரும் உள்ளே வேண்டாம். மீன் தொட்டியை மூடி, அதன் காற்றுக் குழாயை நிறுத்துங்கள், மீனுக்கு இது விஷம். நாய்க்கான மருந்தை மூன்று மாதமாவது இடைவிடாமல் தொடருங்கள், சுவரில் பதுங்கியவை வெளியே வர அத்தனை நாள் ஆகலாம்.

காய்ச்சல், வெளிறிய ஈறு, மூக்கில் ரத்தம், காபி நிறச் சிறுநீர் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உண்ணி மருந்தை நம்பி உட்காராதீர்கள். குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கடலூர்க்காரர்கள் அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போகலாம். ரத்தப் பரிசோதனையில் எர்லிகியா என்று தெரிந்தால் டாக்ஸிசைக்ளின் பொதுவாக 28 நாள் தருவார்கள். நாய் நான்காம் நாளே எழுந்து ஓடினாலும் மாத்திரையை நிறுத்தாமல் 28 நாளும் கொடுங்கள்.