மீட்டப் செயலி: வார இறுதியில் புது முகங்களைச் சந்திக்க

2002இல் தொடங்கிய மீட்டப், ஒரே ஆர்வம் உள்ளவர்களை நேரில் கூட்டிவைக்கும் சேவை. சந்தா கட்டுவது குழுவை நடத்துபவர். பெரும்பாலான குழுக்களில் நாம் இலவசமாகச் சேரலாம். சில நிகழ்வுகளுக்கு மட்டும் தனிக் கட்டணம்.

குழுவின் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். முடிந்துபோன நிகழ்வுகளைத் திறந்து பாருங்கள். உறுப்பினர் ஆயிரக்கணக்கில் இருந்தும் மாதக்கணக்கில் ஒரு சந்திப்புகூட நடக்காத குழுக்கள் உண்டு.

பெரிய குறை, 'வருகிறேன்' என்று அழுத்திவிட்டு வராமல் இருந்துவிடுவது. பணம் கட்டாததால் இலவச நிகழ்வுகளில் இது அதிகம். அதனால் இடம் நிரம்பியிருந்தாலும் காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுத்துவையுங்கள், அறிவிப்பை அணைக்காதீர்கள்.

கைக்கு வேலை தரும் சந்திப்புகள்தான் அருமை: பலகை விளையாட்டு, மண்பாண்டம் வனைதல், டார்ச்சோடு இரவில் பூச்சி தேடும் நடை. நாலு பேர் ஒரு மேசையில் சீட்டைக் கலைத்தபடி விதிகளைக் கேட்டுக்கொள்ளும்போது பேச்சு தானாக வந்துவிடும். ஐம்பது பேர் சும்மா நின்று பேசும் கூட்டத்திலோ, தெரிந்தவர்கள் தங்களுக்குள் ஒதுங்கிவிடுவார்கள். பத்து நிமிடம் முன்னதாகப் போனால் நடத்துபவரிடம் நிதானமாகப் பேசலாம், அவரே மற்றவர்களுக்கு அறிமுகம் செய்துவைப்பார். ஒரே குழுவுக்கு மூன்று முறையாவது போங்கள். முதல் தடவை பெயர்கூட மனத்தில் நிற்காது.