புது ஊரில் ஏரியா தேட கூகுள் மேப்ஸ்: எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது

வேறு ஊருக்கு மாற்றல் என்று தெரிந்ததும் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான். கூகுள் மேப்ஸைத் திறந்து ஒரு முனையில் அலுவலகம், மறுமுனையில் வாடகைத் தளத்தில் கண்ட வீடு என்று போடுகிறார்கள். ‘25 நிமிடம்’ என்று வந்ததும் பாதி வேலை முடிந்த நிம்மதி. அந்த 25 பொய்யில்லை. அது எந்த மணிக்கான 25, வீட்டில் யாருக்கான 25 என்று கேட்காமல் விடுவதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

வழி கேட்பதற்கு அல்லாமல், குடும்பத்தோடு குடியேற ஏரியா தேடும் கருவியாக மேப்ஸை எடை போடும் மதிப்பீடு இது. கூடவே பயன்படும் சில கருவிகளும், மாற்றலாகி வருவோருக்கு வீடு பார்க்க உதவும் இடமாற்ற நிறுவனங்கள் தரும் ஏரியா சுற்றிக்காட்டும் சேவையும் இதில் உண்டு. மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம்: பயண நேரம் பார்க்க மேப்ஸுக்கு 5-க்கு 4. ஏரியாவின் குணம் அறிய 5-க்கு 2.

பயண நேரம்: மேப்ஸின் பலம், பயன்படுத்துவோரின் பலவீனம்

முதல் தவறு, ‘லீவ் நவ்’ என்று இருப்பதை மாற்றாமல் விடுவது. இரவு சாப்பாடு முடிந்து உட்கார்ந்து தேடினால் இரவு 10 மணியின் காலிச் சாலைதான் தெரியும். வேறு நேர மண்டலத்திலிருந்து தேடுபவர்களுக்கு இன்னும் மோசம். இங்கே பகல், அங்கே அதிகாலை 3 மணி. அந்த ஊரில் எல்லா இடமும் எல்லா இடத்துக்கும் பக்கமாகவே தோன்றும்.

அந்தப் பொத்தானை அழுத்தினால் ‘டிபார்ட் அட்’, ‘அரைவ் பை’ என்று இரண்டு வழிகள் இருக்கும். காலைப் பயணத்துக்கு ‘அரைவ் பை’ போட்டு, போய்ச் சேர வேண்டிய மணியைக் கொடுக்க வேண்டும். மாலைக்கு ‘டிபார்ட் அட்’. கிழமையும் முக்கியம், வாரத்தின் நடுவில் ஒரு வேலை நாள், வெள்ளி மாலை, இரண்டையும் பார்த்துவிடுங்கள். காருக்கு மேப்ஸ் ஒற்றை எண் தராமல் ‘30 முதல் 55 நிமிடம்’ என்று வீச்சாகக் காட்டும். கணக்குக்கு எடுக்க வேண்டியது 55. மழை, சாலையில் பள்ளம், ஒரு சிறு விபத்து என்றால் அதையும் தாண்டும். ஆனால் தினப்படிக்கு மேல் எண் போதும். கணினித் திரையில் போக்குவரத்து அடுக்கைப் போட்டு, ‘லைவ் டிராஃபிக்’ என்பதை ‘டிபிகல் டிராஃபிக்’ ஆக மாற்றினால், கிழமையையும் மணியையும் நகர்த்தி எந்தச் சந்திப்பு எப்போது சிவக்கிறது என்று பார்க்கலாம். ஓர் ஏரியாவை விட்டு வெளியே போக ஒரே ஒரு பாலமோ, ஒரே ஒரு ரயில்வே கேட்டோதான் இருக்கிறது என்றால் இங்கே உடனே தெரிந்துவிடும். வீடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அப்படிப்பட்ட ஏரியாவை இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

இரண்டாவது தவறு பெரியது. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையிலான தூரத்தை மட்டும் பார்ப்பது. தனி ஆளுக்கு அது போதும். குழந்தை இருக்கும் வீட்டில் யாரும் நேராக அலுவலகம் போவதில்லை. வீடு, பள்ளி, அலுவலகம், மாலையில் திரும்ப பள்ளி அல்லது காப்பகம், அங்கிருந்து வீடு என்று ஒரு சுற்று. அளக்க வேண்டியது அந்தச் சுற்றை.

ஓர் உதாரணக் கணக்கு. வீட்டிலிருந்து அலுவலகம் நேராக 25 நிமிடம். பள்ளி எதிர்த் திசையில் 3 கிலோமீட்டர். வீட்டிலிருந்து பள்ளிக்கு 8 முதல் 16 நிமிடம், இறக்கிவிட்டு வாசல் நெரிசலிலிருந்து வெளியே வர 10, பள்ளியிலிருந்து அலுவலகத்துக்கு 20 முதல் 45, வண்டி நிறுத்தி மாடி ஏற 10. மேல் எண்களைக் கூட்டினால் 81 நிமிடம். மேப்ஸ் சொன்ன 25-உம் சரி, இந்த 81-உம் சரி. வாழப்போவது 81-இல்.

இந்தச் சுற்றை இடையில் நிறுத்தம் சேர்த்து ஒரே பயணமாகப் பார்ப்பதைவிடத் துண்டு துண்டாகப் பார்ப்பது நல்லது. பள்ளிவரை ‘அரைவ் பை’ மணி அடிக்கும் நேரம். பள்ளியிலிருந்து ‘டிபார்ட் அட்’ மணி அடித்த 10 நிமிடம் கழித்து. பேருந்து, ரயில் வழிகளுக்கு இடை நிறுத்தம் சேர்க்கவே முடியாது என்பதால் வேறு வழியும் இல்லை. பொதுப் போக்குவரத்தில் இன்னொன்றையும் பாருங்கள்: ஒரு வண்டியைத் தவறவிட்டால் அடுத்தது எத்தனை நிமிடத்தில்? 6 நிமிடத்துக்கு ஒன்று வரும் 40 நிமிடப் பயணம், 30 நிமிடத்துக்கு ஒன்று வரும் 30 நிமிடப் பயணத்தைவிடக் குடும்பத்துக்கு மேல்.

கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போனால் இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவில் வீடு எடுப்பது நியாயமாகத் தோன்றும். பெரும்பாலும் இருவருக்குமே அது தூரம்தான். குழந்தைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்தால் யார் ஓடப்போகிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அந்த ஆளின் அலுவலகம், பள்ளி, வீடு மூன்றும் ஒரு கொத்தாக அமையட்டும். மற்றவர் கொஞ்சம் அதிகம் பயணிக்கட்டும். அதற்காக அந்த மற்றவரின் பயணத்தை அளவில்லாமல் நீட்டவும் முடியாது. புரூனோ ஃப்ரை, அலோயிஸ் ஸ்டுட்சர் என்ற பொருளாதார அறிஞர்கள் ஜெர்மானியக் குடும்பங்களின் பல ஆண்டுத் தரவை ஆராய்ந்தபோது, அதிக நேரம் பயணிப்பவர்களின் மனநிறைவு குறைவாகவே இருந்தது. பெரிய வீடோ கூடுதல் சம்பளமோ அதை ஈடுகட்டவில்லை. ‘கொஞ்சம் தள்ளி, ஆனால் ஒரு அறை கூடுதல்’ என்று தரகர் இழுக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

நடை தூரம்: நேர்கோடு ஏமாற்றும்

மேப்ஸில் ‘மெஷர் டிஸ்டன்ஸ்’ காட்டுவது காக்கை பறக்கும் தூரம். தெருக்கள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும் ஏரியாவில் நடை தூரம் அதைவிட ஏறத்தாழ 1.2 முதல் 1.4 மடங்கு வரும். நடுவில் ரயில் பாதை, கால்வாய், அதிவேகச் சாலை என்று ஏதாவது குறுக்கிட்டால் 3 மடங்குகூட ஆகும். எனவே ஒவ்வொரு இடத்துக்கும் நடைவழியைத் தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும். அதில் வரும் நிமிடமும் பெரியவர் நடைக்குத்தான். 4, 5 வயதுப் பிள்ளையோடு என்றால் இரட்டிப்பாக்குங்கள்.

மருந்துக் கடை, குழந்தை மருத்துவர் என்று தேடினால் முதலில் வருவது மிக அருகில் இருப்பது அல்ல. விளம்பரம் முந்தும்; பிறகு பொருத்தம், தூரம், பிரபலம் மூன்றும் கலந்த வரிசை. வரைபடத்தை வீட்டின் மேல் நெருக்கிவைத்து ‘சர்ச் திஸ் ஏரியா’ அழுத்தினால்தான் தெருமுனைக் கடை தெரியும். அதையே இரவு 10 மணிக்கு ‘ஓபன் நவ்’ வடிகட்டியோடு தேடிப் பாருங்கள். பகலில் 14 புள்ளிகள் காட்டிய ஏரியாவில் இரவில் ஒன்றுகூட இல்லாமல் போகலாம்.

இங்கேதான் வாக் ஸ்கோர் வரும். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா முகவரிகளுக்கு 0 முதல் 100 வரை நடைவசதி மதிப்பெண் தரும் தளம். 5 நிமிட நடையில், அதாவது சுமார் 400 மீட்டருக்குள் இருக்கும் கடை, பள்ளி, பூங்காவுக்கு முழுப் புள்ளி. தூரம் கூடக் கூடப் புள்ளி குறைந்து 30 நிமிட நடைக்குப் பிறகு பூஜ்யம். தெருக்களின் நெருக்கத்தையும் கணக்கில் எடுக்கும். ஆனால் நடைபாதை உடைந்திருக்கிறதா, கடக்கும் இடத்தில் விளக்கு உண்டா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. 88-க்கும் 93-க்கும் இடையே தேர்வு செய்ய உதவாது. 30 வாங்கிய முகவரியைக் கழித்துக்கட்ட மட்டும் உதவும். 5-க்கு 2.

ஸ்ட்ரீட் வியூ: படத்தின் தேதியைப் பாருங்கள்

கூகுள் கார் எடுத்த தெருப் படங்களை மேப்ஸிலேயே காட்டி, தெருவைக் காணாமலே கண்டதுபோல ஆக்கும் கருவி. அதுதான் அதன் ஆபத்தும். காரின் கூரைக்கு மேல் அகலக் கோணத்தில் எடுத்த படம் என்பதால் சந்துகூடச் சாலை மாதிரி விரியும். பகலில் எடுத்தது. வண்டி நுழையாத உள் தெருக்கள் பெரும்பாலும் இருக்காது.

படத்தின் மாதமும் ஆண்டும் திரையிலேயே இருக்கும். பழைய படங்களைப் பார்க்கும் வசதி 2014 முதல் உண்டு. உண்மையான பலன் அதில்தான். ஒரே தெருவை ஐந்தாறு ஆண்டு இடைவெளியில் ஒப்பிட்டால் கடைகள் கூடினவா மூடினவா, காலிமனை கட்டடம் ஆனதா, மரங்கள் போனதா என்பது பளிச்சென்று தெரியும். பக்கத்தில் இன்னும் காலிமனை இருந்தால், அடுத்த இரண்டு ஆண்டுக்குக் கட்டுமானத் தூசியும் கலவை இயந்திரச் சத்தமும் வரலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சுவரின் அடியில் ஒரே மட்டத்தில் ஓடும் கறைக் கோடு, வழக்கத்துக்கு மாறாக உயர்த்திய வாசற்படி, அடுக்கிய மணல் மூட்டை, தரையிலிருந்து மேலே தூக்கி வைத்த மின்பெட்டி: இவை நீர் தேங்கும் தெருவின் அடையாளங்கள். சந்தேகம் வந்தால் கூகுள் எர்த்தில் சுட்டியை நகர்த்திக் கீழே தெரியும் உயரத்தைப் பாருங்கள். வீட்டின் உயரம் மட்டும் போதாது. அருகிலுள்ள கால்வாய், ஏரி, சுற்றியுள்ள நான்கு தெருக்கள் இவற்றோடு ஒப்பிட வேண்டும். இந்த எண்களில் சில மீட்டர் பிழை இருக்கும். 1, 2 மீட்டர் வித்தியாசத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். கிண்ணத்தின் அடியில் இருக்கிறதா, விளிம்பில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

வரைபடத்தில் இல்லாதவை

சத்தம். விமானப் பாதையை ஃப்ளைட்ரேடார்24-இல் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் காற்றுத் திசை மாறினால் ஓடுபாதையைப் பயன்படுத்தும் திசையும் மாறும். ஒரு நாள் அமைதியாக இருப்பது அடுத்த நாள் அப்படியே தலைகீழ். வெவ்வேறு காற்றுள்ள இரண்டு மூன்று நாட்கள் பாருங்கள். தரையிறங்கும் விமானம் வழக்கமாக 3 பாகை சரிவில் வரும் என்பதால் ஓடுபாதைக்கு 10 கிலோமீட்டர் முன்னால் அது சுமார் 500 மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். ‘விமான நிலையம் தூரம்’ என்பது அந்த நேர்கோட்டில் ஆறுதல் இல்லை. அதேபோல, பகலில் கனரக லாரிகளுக்குத் தடை உள்ள நகரங்களில் அவை இரவில்தான் ஓடும். பகலில் அடங்கிக் கிடக்கும் பெரிய சாலை நள்ளிரவில் உறுமும்.

பள்ளி இடம். மேப்ஸில் பள்ளியின் நட்சத்திரங்களைப் பார்த்து ஏரியா முடிவு செய்வது வீண். கேட்க வேண்டியவை வேறு: இந்த முகவரி அந்தப் பள்ளியின் எல்லைக்குள் வருகிறதா, தூரத்தை நேர்கோட்டில் அளக்கிறார்களா நடைவழியில் அளக்கிறார்களா, உங்கள் பிள்ளையின் வகுப்பில் இந்த ஆண்டு இடம் இருக்கிறதா. இரண்டு பிள்ளைகள் என்றால் இரண்டு வகுப்பிலும். ஒன்றில் கிடைத்து மற்றொன்றில் கிடைக்காவிட்டால் சுற்று மொத்தமும் உடையும். பதிலை மின்னஞ்சலில் வாங்கிய பிறகே வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து. பள்ளி முகவரிச் சான்று கேட்கும். முகவரி முடிவாக பள்ளி முடிவாக வேண்டும். இந்த முட்டையா கோழியா சிக்கலுக்காகவே, முதல் மூன்று மாதம் தற்காலிக வீட்டில் இருந்து பார்க்கலாம் என்று நினைப்பவர்கள், அந்த முகவரியைப் பள்ளி ஏற்குமா என்றும் அப்போதே கேட்டுவிட வேண்டும்.

கைபேசி சிக்னல், இணையம், தண்ணீர் அழுத்தம் மூன்றும் கட்டடத்துக்குக் கட்டடம் மாறும். வீட்டுக்குள் போய், உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வீடியோ அழைப்பு, குளியலறையிலும் சமையலறையிலும் ஒரே நேரத்தில் குழாய் திறப்பு. இதற்குச் செயலி தேவையில்லை.

சுற்றிக்காட்டும் சேவை

இடமாற்ற நிறுவனங்கள் அரை நாளோ ஒரு நாளோ காரில் ஏற்றி மூன்று நான்கு ஏரியாக்களைக் காட்டுவார்கள். பயண நிரலை அவர்களே போட்டால் 5-க்கு 2, நீங்கள் போட்டால் 4. அவர்கள் போடும் நிரல் பொதுவாகக் காலை 10-க்குத் தொடங்கி மாலை 4-க்கு முடியும். நெரிசல், பள்ளி வாசல், இருட்டு மூன்றும் அதற்கு வெளியே. காலை 7:30-க்கு வரச் சொல்லுங்கள். வர மறுத்தால் அந்த ஒரு பயணத்தை நீங்களே பேருந்தில் செய்யுங்கள். கட்டணம் உங்கள் அலுவலகம் தருகிறதா, வீட்டு உரிமையாளரிடமிருந்து கமிஷன் வருகிறதா என்று வண்டியில் ஏறும் முன்பே கேளுங்கள். கமிஷன் என்றால் காலியாக இருக்கும் வீடுகள் இருக்கும் ஏரியாதான் ‘குடும்பத்துக்கு ஏற்ற’ ஏரியா ஆகும்.

‘இந்த ஏரியா நல்லதா?’ என்ற கேள்விக்கு ‘நல்லது’ தவிர வேறு பதில் வராது. பதில் வரக்கூடிய கேள்விகள் இப்படி இருக்கும்: இந்த வீட்டைக் கடைசியாகக் காலி செய்தவர்கள் எங்கே போனார்கள்? பலத்த மழைக்கு மறுநாள் பள்ளிப் பேருந்து தெருவுக்குள் வருமா, முனையில் நிற்குமா? ஆறு மாதம் கழித்து வேறு வீடு மாறினால் முன்பணத்தில் எவ்வளவு பிடிப்பார்கள்? கடைசிக் கேள்விக்குச் சொல்லும் பதில் ஒப்பந்தத்திலும் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள்.