பெனெல்லி எம்2 ஷாட்கன், காசிமேட்டுக்காரன் ரிவியூ

மச்சான் டெக்சாஸ்ல மல்டிகன் ஆடுறாரு, ரைஃபிள் பிஸ்டல் ஷாட்கன் மூணும் ஒரே மேட்ச்ல, நான் லீவுக்கு போனப்ப ரேஞ்சுல அவரோட 12 கேஜ் (குழல் அளவு) எம்2வ கைல குடுத்துட்டாரு. ஊருக்கு வந்ததுலேந்து நம்ம காசிமேட்டு பசங்க எப்டி எப்டின்னு உயிர எடுக்குறானுங்க, அதான் எழுதுறேன்.

இனர்ஷியா சிஸ்டம், அதாவது சுட்ட உதைலயே போல்ட், அதான் தோட்டாவ உள்ள அடைக்கிற பாகம், ஓடும், மருந்து வெடிச்ச கேஸ் உள்ள வராது, அதனால கரி கம்மி, நாள் பூரா துடைக்காமயே ஓடுச்சு. ஆனா தோள்ல நல்லா இடிக்குது, அந்த கேஸாலயே போல்ட் ஓடுற டைப்பு இதவிட சாஃப்ட்டு. ரொம்ப லைட் லோடு, அதாவது உதை கம்மியான தோட்டா போட்டா இனர்ஷியா கன்னு மக்கர் பண்ண சான்ஸ் இருக்கு, மேட்ச்சுக்கு எடுத்துட்டு போற அதே தோட்டாவ முன்னாடியே போட்டு பாத்துக்கோங்க.

ஆனா மெயின் வேலையே லோடிங்தான்பா. குழலுக்கு கீழ தோட்டா அடுக்குற டியூப் காலியானா இடுப்புலேந்து நாலு தோட்டாவ ஒரே பிடில அள்ளி ரெண்டு ரெண்டா தள்றாரு, நெத்திலி அள்ற கை மாதிரி. நானும் ட்ரை பண்ணேன், மூணு மண்ணுல ஒண்ணு உள்ள, பழக்கமில்லாத கையா, கட்டைவிரல் லிஃப்டர்ல, அதான் தோட்டாவ மேல தூக்குற தகடுல, சிக்கி நகம் கறுத்ததுதான் மிச்சம். தோட்டா தள்ற வாய, அதான் லோடிங் போர்ட்ட, அகலமா வெட்டிக்கிட்டா விரலு தப்பிக்கும்.

இங்க வாங்கலாமான்னு கேக்காதீங்க, 2019 ஆயுதச் சட்டத்திருத்தத்துக்கு அப்புறம் சாதாரண லைசன்ஸ்காரருக்கு ரெண்டு துப்பாக்கிதான், இந்த ஆட்டத்துக்கே மூணு வேணும்.